மஞ்சள் கழுவிய கல்

நஞ்சன்கூடு
27.1.2025

அன்புள்ள நிர்மலா அக்காவுக்கு, தம்பி மனோஜ் எழுதுவது.

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். மச்சானும் போனை எடுப்பதில்லை. வேறு வழியில்லாமல் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

உங்கள் வீட்டுச் சுவரில், இடிப்பதற்கு அடையாளமாக, சிவப்பு பெயின்ட்டில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சத்தியமாக இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை, அக்கா. அந்தச் சனி, ஞாயிறு எங்கள் கம்பெனியிலிருந்து நாற்பது பேர் சிரமதானமாக உங்கள் பக்கம் மழைநீர் ஓடும் பழைய ராஜகால்வாயைத் தூர்வார வந்தோம். கையுறை, தொப்பி, மத்தியானம் பிசிபேளாபாத் என்று திருவிழா மாதிரி இருந்தது. கால்வாயின் எல்லைக் கல்லில் ஒன்று மட்டும் அகப்படவில்லை என்று மேனேஜர் பழைய வரைபடத்தோடு அலைந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அக்கா வீட்டுப் பின்னால் அப்படி ஒரு கல் இருக்கிறது, அம்மனாகக் கும்பிடுகிறார்கள் என்று கன்னடத்தில் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

நீ வேலைக்குப் போயிருந்த நேரம். புளி போட்டுத் தேய்த்து நானே மஞ்சளைக் கழுவினேன். அடியில் எழுத்தும் அம்புக்குறியும் தெரிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வாரமே அளக்க வருவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கோபம் ஆறட்டும். அஷ்வினிக்குப் பன்னிரண்டு முடியப் போகிறது. அவள் பெரியவளாகும்போது குடிசை கட்ட, இங்கே ஒரு தோப்புக்காரரிடம் பச்சை ஓலைக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். தாய்மாமன் கட்டாமல் வேறு யார் கட்டுவது?

உன் தம்பி
மனோஜ்குமார்

மைசூர்
5.2.2025

மனோஜுக்கு, அக்கா எழுதுவது.

கிழிக்கவில்லை. அஷ்வினியை வாசிக்கச் சொல்லலாம் என்றால் அவளுக்குக் கன்னட எழுத்துதான் வரும். நானே இரண்டு தடவை படித்தேன்.

எல்லாவற்றையும் எழுதியவன் ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். அந்தக் கல் எங்கள் வீட்டுப் பின்னால் முளைக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதருக்குள் கிடந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால், கடைக்கால் பூஜை போட்ட அன்று, காவலுக்கு ஒரு சாமி வேண்டும் என்று நீயும் மச்சானும்தான் மூங்கிலில் கயிறு கட்டித் தூக்கி வந்தீர்கள். உன் தோள் தோல் உரிந்துபோய் நான் தேங்காய் எண்ணெய் தடவினேன். மறந்துவிட்டதா?

இப்போது அந்தக் கல்லிலிருந்து டேப் பிடித்து, வீடு முழுக்கக் கால்வாய்க்குள் இருக்கிறது என்கிறார்கள். கல் கிடந்த இடத்திலிருந்து அளந்தால் கால்வாய் ரோட்டுக்கு அந்தப் பக்கமே முடிந்துவிடும். மச்சான் சொல்லிப் பார்த்தார். வீட்டுக்காரன் அப்படித்தான் சொல்லுவான் என்று சிரித்தார்களாம். நீ சொன்னால் எடுபடும். கல்லைக் காட்டியவனே நீதான்.

இந்தக் கல் எப்போதும் இங்கேயேதான் இருந்ததா என்று உன் மேனேஜர் கேட்டாராமே? பக்கத்து வீட்டு பழனாத்தாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். "உந்தம்பி பூம்பூம் மாடு கணக்கா தலைய ஆட்டுனான் கண்ணு" என்றாள்.

போனது போகட்டும். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் சர்வே ஆபீசில் வந்து நடந்ததைச் சொல். போன் செய்யாதே, வாய்க்கு வந்தபடி பேசிவிடுவேன். நேரில் வா. உனக்குப் பிடித்த களியும் கீரையும் செய்து வைக்கிறேன்.

அக்கா
நிர்மலா

நஞ்சன்கூடு
17.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியது அத்தனையும் உண்மை. அவர்கள் கை தட்டிக்கொண்டு நிற்கும்போது, நாங்கள் தூக்கி வந்த கல் என்று சொல்ல வாய் வரவில்லை. பதினொரு வருடமாக அங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அக்கா. காண்ட்ராக்ட் ஆள் என்பார்கள். அன்று மேனேஜர் என் தோளில் கை போட்டு, மனோஜ் என்றார். அந்தப் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள்.

மார்ச்சில் என்னை பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த நேரத்தில் போய், நான் சொன்னது பொய் என்றால் என்னை வைத்திருப்பாரா? மார்ச் மட்டும் போகட்டும். ஏப்ரல் முதல் தேதி நானே வந்து எழுதிக் கொடுக்கிறேன். அரசாங்க வேலை, அதற்குள் எங்கே இடிக்கப் போகிறார்கள்? கொஞ்சம் பொறுத்துக்கொள். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஓலைக்குச் சொன்னது சொன்னபடியே இருக்கிறது.

மனோஜ்

மண்டி மொஹல்லா
மைசூர்
9.4.2025

மனோஜ்குமாருக்கு,

மார்ச் ஆறாம் தேதி ஜேசிபி வந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கல்லை மட்டும் யாரும் தொடவில்லை. சுற்றிக் கம்பி வேலி போட்டு, உங்கள் கம்பெனி பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பழக்கதோஷத்தில் மஞ்சளை எடுத்துக்கொண்டு போனேன். வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இங்கே மாடியில் ஒரே ஒரு அறை. கீழே மிளகாய்க் கடை, நாள் முழுக்கத் தும்மல். நீ பெர்மனென்ட் ஆகிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். முதல் தேதி அன்று, வீடே இல்லாவிட்டாலும், நீ வருவாய் என்று சாயங்காலம் வரை படிக்கட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெட்கம்கெட்ட மனசு.

போன வாரம் அஷ்வினி பெரியவளானாள். மொட்டை மாடி மூலையில் மச்சானே நாலு மூங்கிலை நிறுத்தி, மார்க்கெட்டில் ஓலை வாங்கி வந்து குடிசை கட்டினார். "மாமா எப்பம்மா வருவாரு?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். வீட்டுக்கார அம்மாவுக்கும் ஆச்சரியம்.

"ஏம்மா, அப்பாவே கட்டறாரு? பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன்.

நிர்மலா