பெரியம்மா என்னிடம் கேட்காதது

என் கண்ணான மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்க சுகமாத்தான் இருக்கோம், அப்பாவுக்கு மூட்டுவலி மட்டும் விட்டபாடில்லை, நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பா இருக்கணும், சண்டை நடக்கிற பக்கம் உன்னை அனுப்பாம இருக்கணும். தபால்ல போட்டா பிரிச்சுப் படிப்பாங்கனு, லீவு முடிஞ்சு வர்ற உங்க பட்டாளத்துச் சமையல்காரர்கிட்ட கொடுத்தனுப்புறேன், படிச்சதும் அடுப்புல போட்டுடு.

உன் பெரியம்மா மகன் உங்க பட்டாளத்துத் தந்தி அறையில இருந்துக்கிட்டே வெள்ளைக்காரன் கப்பல் போற வழியை எதிரிக்குச் சொன்னான்னு பிடிச்சு அடைச்ச சேதி இங்கேயும் வந்துடுச்சு. பெரியம்மா இடிஞ்சுபோய்க் கிடப்பானு ஓடினேன், பார்த்தா வாசல்ல செருப்பு விட இடமில்லை. அங்கே துரோகிங்கிறவனை இங்கே சிங்கம்ங்கிறாங்க. அவ நாற்காலியில உட்கார்ந்திருக்கா, ஹெட்மாஸ்டர் நின்னுக்கிட்டுப் பேசறார். நீ ஹவில்தார் ஆனப்போ வீடு வீடா இனிப்பு கொடுத்தேனே, ஒருத்தராவது நம்ம படி ஏறினாங்களா? எனக்குப் பொறாமைதான், உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, சின்ன வயசுல இருந்தே எதுவானாலும் முதல்ல அவளுக்குத்தான்.

அதோட நின்னிருந்தா பரவாயில்லை. போன வாரம் பட்டாளத்து அதிகாரி ஒருத்தர் ஜீப்புல வந்து, உங்க மகனோட விசுவாசத்தை மெச்சுறோம்னு தெருவே கேட்கச் சொல்லி அப்பா கையைக் குலுக்கிட்டுப் போனார். காட்டிக்கொடுத்தது நீதான்னு தெரு அப்பவே முடிவு கட்டிடுச்சு. பால்காரர்கூட முகம் கொடுத்துப் பேசறதில்லை. அன்னைக்குச் சாயங்காலமே பெரியம்மா வந்தா. சண்டைக்கு வந்திருந்தா நானும் நாலு கேட்டிருப்பேன். பக்கத்துல உட்கார்ந்து, உன் பிள்ளை வீடு திரும்புவான், எனக்கு அதுதான்டி வயிறெரியுது, என் வீட்டுக் கூட்டத்தையெல்லாம் நீயே கூட்டிக்கிட்டுப் போயிடுனு சொன்னா. விசாரணையில நீதான் சாட்சினு அவளுக்குத் தெரியும். ஆனாலும் உன் மகனுக்கு எழுதுனு ஒரு வார்த்தை கேட்கலை, எழுந்து போயிட்டா. அதுலயும் அவளே ஒரு படி மேல. கேட்டிருந்தா செஞ்சு கொடுத்தேன்கிற பெருமையாவது எனக்கு இருந்திருக்கும்.

அவ கேட்காததை நான் கேட்கிறேன். நீ காட்டிக்கொடுத்தியா இல்லையானு எனக்கு எழுத வேண்டாம். கண்ணாலயே பார்த்திருந்தாலும் பார்க்கலைனு சொல்லு, சட்டைக் கையில இருக்கிற ஹவில்தார் பட்டையைப் பிடுங்கினா பிடுங்கட்டும். ஒரு தடவையாவது அவ என்கிட்ட கடன்பட்டவளா இருக்கட்டும்.

நீயும் அண்ணனும் நூறு வயசு இருக்கணும். அவனுக்குக் குளிர் ஆகாது, அடைச்சு வச்சிருக்கிற இடத்துல போர்வை கொடுத்தாங்களானு பாரு, இல்லேன்னா நான் பின்னி அனுப்பினதைக் கொடு.

உன் நினைப்பாவே இருக்கும்,
அம்மா