சுவரில் நீ தீட்டிய பச்சை

இன்று காலை என் தட்டில் இருந்த இட்லியின் மேல் பச்சைப் பெயிண்ட் பொருக்கு ஒன்று விழுந்தது. எடுத்து முகர்ந்தேன். வெறும் சுண்ணாம்பு வாடைதான். ஆனாலும் கூடப் பிறக்காத தம்பியான நீ எதிரில் வந்து நின்றுவிட்டாய்.

ராணுவ உடுப்பில் இருக்கும் திட்டுத்திட்டான வடிவங்களைத்தான் நீ கடைசிவரை வரைந்தாய். தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் சாம்பல், தகரக் கூரையின் துரு, முள்செடியின் பச்சை. பெங்களூரில் உன் ஓவியங்களை மாட்டியபோது, "இன்னாப்பா, பேன்ட் துணிக்கு ஃப்ரேம் போட்டு வெச்சிருக்கே?" என்று கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை.

"ஒளிக்கிறதுக்குன்னே உண்டான டிசைன்ணா இது. அதையே நடுவுல மாட்டிட்டா எல்லாரும் அதையே பாத்துகினு நிப்பாங்க. பின்னாடி இன்னா இருக்குன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அந்தப் பேச்சைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு அடியில் பழைய சுரங்கம் ஓடுகிறது. விரிசல் விட்ட வீடுகளைக் காலி செய்யச் சொல்ல ஆட்கள் வருவதாகப் பேச்சு. எங்கள் கூடத்துச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை விரிசல். பிறந்த வீட்டை விட மனமில்லை. அதன் மேல் வரைந்து மறைத்துக் கொடு என்று உன்னைக் கெஞ்சினேன்.

"மறைச்சா நம்ம கண்ணுக்கும் மறைஞ்சிடும்ணா" என்றாய். நான் விடவில்லை.

மூன்று நாளில் முடித்தாய். வீடு பார்க்க வந்த அந்த ஆட்கள் சுவரின் முன் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ மட்டும் என்னை மூலைக்கு இழுத்துப்போய், பச்சைத் திட்டு ஒன்றைத் தொட்டுக் காட்டினாய்.

"இங்க விரிசலுக்குக் குறுக்கால ஒரு தாள் ஒட்டி, அதும்மேல பெயிண்ட் அடிச்சிருக்கேன். சுரங்கத்துல கீழ் லெவல்ல எங்கப்பா பாறை நகருதான்னு இப்படித்தான் பாத்துகினு இருந்தாராம். தாள் கிழிஞ்சா விரிசல் பெருசாவுதுன்னு அர்த்தம், யோசிக்காதீங்க. அண்ணியைக் கூட்டிகினு வெளிய வந்துடுங்க."

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாய். அதன்பின் அந்த மூலையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, பார்க்கவே இல்லை. இன்று பொருக்கு விழுந்ததும் எழுந்து போனேன். எது நீ போட்ட கோடு, எது விரிசல் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவினேன். தாள் இரண்டாகிக் கிடந்தது. இடைவெளியில் சுண்டுவிரல் நுழைந்தது. உள்ளேயிருந்து சில்லென்று காற்று வந்தது.

உன் அண்ணியைத் தெருமுனைக்குக் கூட்டி வந்துவிட்டேன். இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் சுவர். அவர்கள் பக்கத்தில் விரிசலை பீரோ மறைத்து நிற்கிறது. பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். போன் போட்டேன், எடுக்கவில்லை. மாலை ரயிலில் திரும்புவார்கள்.

கிழிந்த தாளின் ஒரு பாதி என் சட்டைப் பையில் இருக்கிறது. அதைக் காட்டி, மறைக்கச் சொன்னது நான்தான் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும்.

பொழுது சாய்கிறது. ரயில் கூவுவது கேட்கிறது.