செத்ததாகச் சான்றளிக்கப்பட்ட கேரட் ஜூஸ் கிருமிகள் குறித்து

அனுப்புநர்:
பதினோராம் வகுப்பு மாணவி,
ஜூஸ் தொழிற்சாலைத் தரப் பரிசோதகரின் தங்கை,
தொழிற்சாலையின் பின்பக்கத் தெரு, மாடி வீடு.

பெறுநர்:
உணவுப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
ஆணையர் அலுவலகம்.

பொருள்: மயங்கிக் கிடந்த கிருமிகளுக்குத் தங்கள் ஆய்வு அலுவலர் இறப்புச் சான்றிதழ் வழங்கியதும், அதைத் தட்டிக்கேட்ட என் அக்காவின் வேலைக்கு வேட்டு வைக்கப்படுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மரியாதையாக எழுத வேண்டும் என்று அக்கா சொல்லியிருப்பதால் மரியாதையாகவே எழுதுகிறேன். நடுவில் எங்காவது சறுக்கினால் அது என் தவறு, அக்காவின் வளர்ப்பு அல்ல.

1. எங்கள் தெருவுக்கு முன்னால் இருக்கும் தொழிற்சாலையில் கேரட் ஜூஸைக் கொதிக்க வைப்பதில்லை. கொதித்தால் ருசி போய்விடுமாம். பாட்டில்களை மூடியோடு ஓர் இரும்பு உருளைக்குள் அடுக்கி, தண்ணீர் நிரப்பி, நசுக்குகிறார்கள். காற்று நம்மை அழுத்துவதைப் போல ஆறாயிரம் மடங்கு அழுத்த வேண்டும் என்று அவர்களுடைய சொந்தப் பலகையே சுவரில் சொல்கிறது. அந்த அழுத்தத்தில் உருளையின் ரப்பர் வளையம் அடிக்கடி கிழியும். கிழிந்தால் வேலை நிற்கும். எனவே மேலாளர், "மெஷினைப் போட்டு வதைக்காதீங்கப்பா, ரெண்டாயிரம் போதும்" என்று ஆணையிட்டுவிட்டார். இரும்பின் மீது இவ்வளவு இரக்கம் உள்ள மனிதரை நான் பார்த்ததில்லை. ஜூஸ் குடிப்பவர் வயிறு இரும்பால் ஆனது அல்ல என்பதால் அதற்கு அந்த இரக்கம் கிடைக்கவில்லை.

2. ரெண்டாயிரத்தில் என்ன நடக்கும் என்பதைத் தங்கள் அலுவலருக்கு அக்கா விளக்கினார், அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். கிருமி பிழைக்கப் புரதம் வேண்டும். அதைச் செய்வது அதன் உள்ளே இருக்கும் ரைபோசோம் என்கிற குட்டிப் பட்டறை. இது டிபன் பாக்ஸ் மாதிரி இரண்டு பாகம். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் வேலை நடக்கும். மேலே அழுத்தம் ஏறினால் பாகங்கள் கழன்றுகொள்கின்றன. புரதத்துக்கு விரதம். சில கிருமிகள் அதிலேயே செத்துவிடும். மீதி செத்ததைப் போலக் கிடக்கும். அழுத்தத்தை எடுத்துவிட்டால் பாகங்கள் மெல்ல ஒன்றுசேரும், பட்டறை திறக்கும், வியாபாரம் பழையபடி. அதாவது இது மரணம் அல்ல ஐயா, வேலைநிறுத்தம்.

3. இனித் தங்கள் அலுவலரின் வேலைமுறை. புதுப் புரதம் உருவானால் மட்டும் ஒளிரும் சாயம் ஒன்றும், கையடக்க மீட்டர் ஒன்றும் அவரிடம் உள்ளன. உருளையின் கதவு திறந்ததும் முதல் பாட்டிலை வாங்கி, அந்த இடத்திலேயே சாயத்தைச் சொட்டுகிறார். ஒளி இல்லை. "சுத்தம்" என்று கையெழுத்துப் போடுகிறார். மயக்க ஊசி போடப்பட்டவரை எழுப்பிப் பார்த்து, எழவில்லையே என்று மாலை வாங்கிவருவதைப் போன்ற செயல் இது. சும்மா கிடப்பவரெல்லாம் செத்தவர் என்றால், எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சையும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான சில அலுவலகங்களையும் உடனே அடக்கம் செய்ய வேண்டியிருக்கும்.

4. அக்கா நுண்ணுயிரியல் படித்தவர். அதே ஜூஸை ஒரு நாள் ஆறப்போட்டுச் சோதித்தார். மீட்டர் கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. மேலாளரிடம் காட்டினார். அவர் சொன்னதை அக்கா வீட்டில் அப்படியே சொன்னார்: "நேத்து செத்தது இன்னைக்கு எப்படிம்மா எந்திரிக்கும்? நீ என்ன மந்திரம் போட்டியா?" பக்கத்தில் நின்ற தங்கள் அலுவலர் சிரித்தாராம். சிரித்துவிட்டு, "வேற யாராவது கையை வெச்சிருப்பாங்க" என்று எடுத்துக்கொடுத்ததும் அவரே.

5. அந்த "வேற யாராவது" நான்தான். அக்காவுக்குத் தரப்பட்ட குற்றச்சாட்டில், "இவருடைய தங்கை ஊரறிந்த வாலு, சம்பவ நாளன்று ஆய்வகத்துக்கு வந்து ஜூஸில் கிருமி கலந்திருக்கிறார்" என்று உள்ளது. ஊரறிந்த வாலு என்பது முழுக்க உண்மை. அதை மறுக்கும் எண்ணம் இல்லை. ஆனால் அன்று நான் கேட்டைத் தாண்டவே இல்லை. அக்கா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோனேன். காவலாளி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன்னை உள்ள விட்டா என் வேலை போயிடும். டப்பாவைக் குடு, நானே குடுக்கிறேன்" என்றார். இப்போது அதைச் சொல்லச் சொன்னால், "சொன்னாலும் என் வேலை போயிடும்" என்கிறார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் வேறு இரண்டு பேருக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

6. வியாழக்கிழமை விசாரணை. தங்கை செய்த சேட்டைக்கு மன்னிப்புக் கேட்டு அக்கா எழுதிக்கொடுத்தால் வேலை நிலைக்கும். அன்று மாலையே அந்த ஜூஸ் சரக்கு முழுவதும் மருத்துவமனை கேன்டீனுக்குக் கிளம்பும். எழுதாவிட்டால் வேலை போகும். இனி எந்த ஆய்வகமும் அக்காவைச் சேர்க்காது. எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குவது அவர் ஒருவர்தான். அப்பா, "எழுதிக் குடுத்துடும்மா, சின்னப் பொண்ணு பேருதானே" என்கிறார். நானும் அதையே சொன்னேன். என் கணக்கில் ஏற்கெனவே இவ்வளவு இருக்கிறது, இன்னொன்று ஏறினால் என்ன, என் பெயரையே போட்டுவிடு அக்கா என்றேன். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "நீ செஞ்சதுக்கெல்லாம் உன்னைத் திட்டியிருக்கேன்டி. செய்யாததுக்கு என்னால திட்ட முடியாது." நான் எழுந்துபோய் இந்தக் கடிதத்துக்குத் தாளும் பேனாவும் எடுத்தேன். யாரும் சொல்லாமல் நான் பேனா எடுப்பது அபூர்வம் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

7. ஆகவே நான் கேட்பது ஒன்றே. அந்தச் சரக்கு இன்னும் தொழிற்சாலையின் குளிர் அறையில், தங்கள் அலுவலரின் முத்திரையோடு இருக்கிறது. அதை வெளியே விடாமல் நிறுத்துங்கள். தாங்களே ஆள் அனுப்பி, தாங்களே சில பாட்டில்களை எடுத்து, தங்கள் அலுவலகத்திலேயே பூட்டிவையுங்கள். சாவி தங்களிடம் இருக்கட்டும். என்னை அந்தக் கட்டடத்தின் பக்கம் விடாதீர்கள். காவலுக்குத் தங்கள் அலுவலரையே நிறுத்தினாலும் சம்மதம். ஒரு நாள் பொறுத்து அதே சாயத்தைச் சொட்டுங்கள்.

மீட்டர் இருண்டே கிடந்தால், கிருமி கலந்தது நான்தான் என்று என் கைப்பட எழுதி, பள்ளிக்கூட வாசலில் நானே ஒட்டுகிறேன். ஒளிர்ந்தால், என் அக்காவிடம் கேட்கப்பட்ட மன்னிப்புக் கடிதத்தை மேலாளரும் அலுவலரும் அவருக்கு எழுதித் தர வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியாமல் திணறினால் சொல்லியனுப்புங்கள். மன்னிப்புக் கடிதம் எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஒரு பிழை இல்லாமல் நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

இடம்: மாடி வீடு
நாள்: திங்கட்கிழமை

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும், காத்திருந்து பழக்கமில்லாத,
(கையொப்பம்)
தரப் பரிசோதகரின் தங்கை

நகல்: ஆய்வு அலுவலர் அவர்களுக்கு. வாங்கியவுடன் படிக்க வேண்டாம். ஒரு நாள் வைத்திருந்து படிக்கவும்.