உன் கால் வெங்காயம்

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவளுக்கு,

பச்சையாகவே தின்னும் விடாலியா இனிப்பு வெங்காயம் வந்தாச்சு. வழக்கம்போல இடுப்பு வரை வரும் நைலான் காலுறையின் இரண்டு காலிலும் போட்டு, ஒன்றோடொன்று உரசி அழுகாமல் நடுநடுவே முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். கைக்குக் கிடைத்தது நீ சர்ச்சுக்குப் போடுவது. திட்டாதே.

தினமும் ஒரு முடிச்சை வெட்டி, வெங்காயத்தை வட்டமாக நறுக்கி, மயோனைஸ் தடவிய ரொட்டியில் வைத்துத் தின்கிறேன். என்ன இனிப்பு! நறுக்கும்போது கண்ணே கலங்கவில்லை. தின்னும்போதுதான் லேசாக.

பக்கத்து வீட்டு ஹார்லன் எட்டிப் பார்த்தான். "என்னப்பா, ஒரு கால் முழங்கால் வரைக்கும் காலி, இன்னொண்ணு அப்படியே தொங்குது?"

"அது அவ கால்டா. அதுல நான் கை வைக்க மாட்டேன்."

உன் காலில் பதினொன்று இருக்கிறது. கத்தரிக்கோலையும் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தன் காலை முழங்கால் வரை தின்றவன்