அண்ணன் பெயரைக் கூப்பிட்டபோது

பைல் நாடு,
தாரண வருஷம், ஆவணி மாதம்.

பட்டாளத்தில் இருக்கும் அன்புள்ள சென்றாயன் அண்ணாவுக்குத் தங்கை சென்னம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, மாடு கன்று எல்லோரும் சுகம். பங்குனிக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை. பர்மா பக்கம் தபால் தாமதமாகும் என்று பேளுக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியார் சொன்னார். லீவுக்கு மலை ஏறி வந்ததும் அதையே அம்மாவிடம் சொன்னேன்.

சண்டைக் காலமாதலால், தரிசைத் திருத்தித் தானியம் விதைப்பவர்களுக்கு சர்க்கார் உதவிப் பணம் கொடுக்கிறது. அப்பா உங்கள் பேரில் இருக்கும் மேட்டுக்காட்டையும் திருத்திச் சாமை விதைத்துவிட்டார். வெளியூர் போனவர் காட்டில் அவர் கையால்தான் முதல் விதை விழ வேண்டும், மற்றவர் விதைத்தால் போனவர் இனி வரமாட்டார் என்று அர்த்தம் என அம்மா அழுதாள். அப்பாவோ, “பணம் அவனுக்குத்தானே? வந்ததும் ஒரு ஜோடி எருது வாங்கிக்கட்டும்” என்று சொல்லி, காட்டு முனையில் கம்பம் நட்டு, உங்கள் கம்பளியைப் போர்த்தி, நீங்களே நிற்பதுபோல் வைத்துவிட்டு விதைத்தார்.

போன சந்தை நாளில் செம்மேட்டில் பணம் கொடுத்தார்கள். நானும் போனேன். பகலிலேயே மஞ்சு இறங்கிப் புகைபோல் மூடியிருந்தது. சின்னக்கண்ணு மாமா, “என்ன மச்சான், ரெண்டு பங்கு வாங்கறீங்க, கறிச்சோறு உண்டுங்களா?” என்று அப்பாவைக் கேலி செய்துகொண்டிருந்தார். அப்போது டவாலிச் சேவகன் உங்கள் பெயரைக் கூப்பிட்டான். அப்பா எழுவதற்குள், பின்னாலிருந்து “வந்துட்டேனுங்க” என்று குரல் கேட்டது.

அண்ணா, அது உங்கள் குரல்.

அப்பா மெதுவாக எழுந்து முன்னே போனார். “அவன்தான் வந்திருக்கானே, நீ எதுக்கய்யா வர்றே? அவனையே வரச்சொல்லு” என்றார் பணம் கொடுக்க வந்திருந்த இன்ஸ்பெக்டர். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். யாரும் வரவில்லை. சின்னக்கண்ணு மாமா மட்டும், “எம் பக்கத்துலதான் கேட்டுச்சுங்க” என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து தள்ளிப்போய் நின்றார்.

மலையில் எதிரொலி உண்டென்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மறுநாள் அதே இடத்தில் நின்று உங்கள் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். மலை உங்கள் பெயரைத்தான் திருப்பிச் சொன்னது. வேறொன்றும் சொல்லவில்லை.

முளைத்த சாமையைப் பிடுங்கிவிடுகிறேன் என்று அப்பா தினமும் காட்டுக்குப் போகிறார், பிடுங்காமல் திரும்பி வருகிறார். அம்மா மட்டும் சந்தோஷமாக இருக்கிறாள். “எம் பையன் வந்துட்டான் கண்ணு, காட்டை வெதைச்ச கோவத்துல ஊட்டுக்குள்ள வராம நிக்கறான்” என்கிறாள். பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்த விடுவதில்லை. உங்கள் வட்டிலில் களி போட்டு வைக்கிறாள். கம்பளி காற்றில் ஆடினாலும் என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

ஒரு வரி எழுதுங்கள் அண்ணா. அன்று நீங்கள் வெகுதூரத்தில்தான் இருந்தீர்கள் என்று எழுதினால் போதும். அம்மாவுக்கு நான் படித்துக் காட்டுகிறேன். உங்கள் பங்குப் பணம் கொடுக்கப்படாமல் நிற்பதால், புரட்டாசி முதல் சந்தையன்று மறுபடியும் உங்கள் பெயரைக் கூப்பிடுவார்களாம். அதற்குள் உங்கள் கடிதம் வராவிட்டால், யார் கூப்பிடுவது காதில் விழுந்தாலும் பதில் சொல்லாதீர்கள். இருக்கும் இடத்திலேயே இருங்கள்.

அறப்பளீஸ்வரர் உங்களை அங்கேயே வைத்துக் காக்கட்டும்.

உங்கள் தங்கை,
சென்னம்மாள்