கப்பல் புத்தகத்துக்குப் புல்தைலம்

1951 ஆகஸ்ட் 3, வெள்ளி

வெட்கக்கேடு. நேற்றுக் கப்பல் புத்தகத்துக்குப் புல்தைலம் தேய்த்துவிட்டேன். வீட்டு ஓலை ஏடுகளுக்கு வருஷா வருஷம் தேய்த்துப் பழகிய கை. எழுத்து பளிச்சென்று எழும்பும் என்று நினைத்தேன். இப்போது இந்தப் பக்கத்து எழுத்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. பின்னால் உள்ள தாள்களுக்கு மட்டும் தைலத்தை வீணாக்கவில்லை. அவ்வளவு சிக்கனம்!

வடிவாம்பாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆதாரப் பத்திரம் எழுதுத ஆளு! தாளுக்கும் ஓலைக்கும் பேதம் தெரியாண்டாமா?" என்றாள். பெண்டாட்டி கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்ன?

என் புத்தகமாக இருந்தாலாவது போகட்டும். கடியப்பட்டணம் ரசலையனுடையது. அவன் பூட்டன் காலத்தில் பாறையில் மோதி முங்கிய பாய்க்கப்பலில், கப்பித்தான் அன்றன்றைய காற்றையும் கடலையும் எழுதிவைத்தது. பெட்டியோடு கரை ஒதுங்கியதாம். இந்த ஆனியில் ரசலையனின் கட்டுமரம் உடைந்தது. புதுமரம் இறக்க இதை விற்றுத் தரச் சொன்னான். பழைய கப்பல் சாமான் சேர்க்கிற எஸ்டேட் துரை ஒருவரைத் தெரியும் என்று வாயைக் கொடுத்தவன் நான்தான்.

ஆகஸ்ட் 7

வெயிலில் காயவைத்தேன். காக்கா வந்து பார்த்தது. அதற்கும் வேண்டாம்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

ரசலையன் வந்தான். வீடு முழுக்கத் தைல வாசம்.

"ஆருக்கு அண்ணாச்சி வாதம்?"

"எனக்குத்தாம்லே." புத்தியில் என்று சொல்லவில்லை.

"மரம் எறங்கட்டும், மொத மீனு உங்களுக்கு" என்றான். போகும்போது வாசலில் நின்று, "பிள்ளையளுக்கு அரைவயிறுதான், தொர எப்ப வருவாரு?" என்று மெல்லக் கேட்டான்.

ஆகஸ்ட் 20, திங்கள்

துரை வந்தார். தோட்டத்துக் கூலிகளிடம் கற்ற தமிழ். என்னிடமும் அதே அதிகாரம். "ஏ, என்னா வாசம் இது?" முகர்ந்தார். புரட்டினார். கடைசிவரை புரட்டினார். மூடி என் மடியில் வைத்தார். "வேணாம்." காரில் ஏறிப் போய்விட்டார்.

மேற்கொண்டு எழுதக் கை வரவில்லை. அசதி.

ஆகஸ்ட் 21

தைலம் கெடுத்துவிட்டது என்று ரசலையனிடம் சொன்னேன். கொஞ்சநேரம் தரையைக் காலால் கீறிக்கொண்டிருந்தான்.

"போட்டும் அண்ணாச்சி. நல்லதுக்குத்தானே தேச்சீங்க?"

நாலு அறை விட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 9

ரசலையன் இப்போது முட்டத்துக்காரன் ஒருவனின் மரத்தில் கூலிக்குப் போகிறான். பங்கில் கிடைத்த சாளை மீனில் பாதியை நமக்குக் கொண்டுவந்தான். புத்தகத்தைத் திருப்பி நீட்டினேன். "எனக்கெதுக்கு? நீங்க எழுதுத ஆளு, வச்சுக்கிடுங்க" என்றான். சாளைக்குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

துரை அன்று சொன்னதை எழுதாமல் விட்டேன். "எண்ணெ பரவாயில்லே, எடுத்திரலாம். கப்பல் முங்கின நாளுக்கு அப்புறம் பக்கம் எல்லாம் காலியா இருக்கணும். அதுக்குத்தான் வெலை. இது யாரு எழுதினது?"

ஆடி முதல் தேதியிலிருந்து இந்த நாட்குறிப்பை அதன் பின்தாள்களில்தான் எழுதிவருகிறேன். நல்ல தாள். மை ஊறுவதே இல்லை.