தாடிக்காரர் புனிதர் அல்ல

1980 நவம்பர், வியாழன் இரவு

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ரோமில் இருக்கும் என் கல்லூரித் தோழி, நானூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓர் இத்தாலியக் கட்டடக் கலைஞரின் நினைவுத் தபால்தலைகள் இரண்டை அனுப்பியிருந்தாள். நாளை பள்ளிக் கண்காட்சியில் அவற்றை வைத்துப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். மாலையில் வந்து பார்த்தால் மேசையில் ஒன்றுதான் இருந்தது.

மற்றது சமையலறைச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே, சோற்றுப் பசையில் ஒட்டியிருந்தது. முன்னால் ஒரு மெழுகுவத்தி.

"யாரோ புனிதருன்னு நெனச்சேன் டீச்சரம்மா. தாடி இருக்கு, பின்னால கோயிலும் இருக்கு" என்றாள் சமையல் செய்யும் ஆரோக்கியம்.

"அது கோயில் இல்லை, பங்களா. அவர் புனிதரும் இல்லை. பணக்காரர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வீடு கட்டிக் குடுக்கிறவரா? அப்ப சரியான ஆளத்தான் புடிச்சிருக்கேன்!"

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த நாள் முதல் அரசாங்க வீட்டுக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அங்கிட்டு லயத்துல ஒத்த ரூமு, இங்கிட்டு தகரக் கொட்டாய். இவராச்சும் கண்ணத் தொறக்கட்டுங்க."

நான் விளக்கியிருக்கவே கூடாது. உரித்தால் தபால்தலை கிழியும். கிழியாது என்றாலும் எந்த மனதோடு உரிப்பது?

போகும்போது, "அந்த இன்னொண்ணு சும்மாதான கெடக்கு? எம் மகளும் மனுப் போட்டிருக்கா" என்றாள்.

நாளைக்கு வேண்டும் என்று சொல்லி, அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மகளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூட்டியிருக்க முடியாது.